போட் மெயில் போய்ச் சேர்ந்த ஊர்

ரயில்வே அட்டவணையில் அதன் பெயர் ராமேஸ்வரம் விரைவு வண்டி. கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ வயதானவர் ஒருவரிடம் அப்படிச் சொன்னால் ஒரு நிமிடம் யோசிப்பார். போட் மெயில் என்றால் உடனே நேரத்தையும் நடைமேடையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். கப்பலோடு இணைந்து ஓடிய வண்டி அது. எழும்பூரில் ஏறும்போதே கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட் வாங்கலாம். வண்டி தனுஷ்கோடியில் கடலோரம் போய் நிற்கும், நீராவிக் கப்பல் காத்திருக்கும், அக்கரையில் தலைமன்னாரில் இலங்கை ரயில் தயாராக இருக்கும். 1914-இல் தொடங்கிய இந்த ஏற்பாடு 1964 டிசம்பர் வரை நடந்தது. இன்று வண்டி ராமேஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் அது போய்ச் சேர்ந்த ஊரையும் அந்த ஊரின் ரயில் நிலையத்தையும் பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

தனுஷ்கோடியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் கேள்விப்பட்டதெல்லாம் ஒரே ஓர் இரவைப் பற்றியது. புயல், அலை, மூழ்கிய ரயில் என்று கதை தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். அந்த இரவுக்கு முன்னால் 50 ஆண்டுகள் அந்த நிலையம் இரவும் பகலும் வேலை பார்த்திருக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் அதன் வழியாகப் பிழைக்கப் போயிருக்கிறார்கள், திரும்பியிருக்கிறார்கள், திரும்பாமலும் இருந்திருக்கிறார்கள். அந்த 50 ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

வண்டி திருச்சியைத் தாண்டும்போது நடுநிசி ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு வருவது புதுக்கோட்டை, காரைக்குடி, சிவகங்கை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். பயணிகள் தூங்கும் நேரத்தில் கடந்துபோகிற இந்தப் பகுதிதான் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கொடுத்த பூமிகளில் ஒன்று. கண்மாய் நிரம்பினால் ஒரு போகம், நிரம்பாவிட்டால் பட்டினி என்ற நிலம். ஊருக்குள் தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி வருவான். பெரும்பாலும் சொந்தக்காரனாக, சொந்தச் சாதிக்காரனாக, போன வருஷம் போய் வேட்டி சட்டையோடு திரும்பியவனாக இருப்பான். கடனை அடைக்க முன்பணம் தருவான். அந்த முன்பணமே தோட்டத்தில் கடனாக நிற்கும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறினால், ஆளோடு கடனும் ஒரு துண்டுச் சீட்டில் மாறும். குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பெண்களும் குழந்தைகளும் கொழுந்து பறிக்கத் தேவைப்பட்டார்கள் என்பதால் கங்காணிக்கும் அதுவே வசதியாக இருந்தது.

ரயிலும் கப்பலும் வருவதற்கு முன்பு இந்தப் பயணம் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் தனுஷ்கோடி நிலையம் ஏன் எழுந்தது என்பது விளங்கும். 19-ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் ராமநாதபுரக் கரையில் தோணி ஏறி மன்னாரில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாகக் கண்டிச் சீமை மலைகளுக்கு நடை. தண்ணீர் இல்லாமலும் பேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிறகு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடியது. அது நீண்ட கடல் பயணம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கோ கடல் வெறும் 22 மைல். இங்கே ரயிலைக் கொண்டுவந்து கடலோரத்தில் விட்டால் ஆளும் சரக்கும் ஒரே நாளில் அக்கரை சேர்ந்துவிடும். தேயிலை முதலாளிகளுக்கு ஆள் தேவை. தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு வருமானம் தேவை. இரண்டும் சேர்ந்துதான் ஒரு மணல் முனையில் ரயில் நிலையம் கட்டின.

விடிந்தபோது வண்டி மண்டபத்தை நெருங்கியிருந்தது. மண்டபம் கேம்ப் என்று ஒரு சிறு நிலையம் வருகிறது. இலங்கை அரசாங்கம் இந்தக் கரையில், நம் மண்ணில் நடத்திய தடுப்பு முகாம் இங்கேதான் இருந்தது. காலராவும் அம்மையும் அக்கரைக்குப் போய்விடக் கூடாது என்று, தோட்டத்துக்குப் போகிறவர்களைச் சில நாட்கள் அடைத்துவைத்து, அம்மை குத்தி, சோதித்து, பெயரும் தோட்டமும் பதிந்து அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் தகரத்தில் ஒரு வில்லை. எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டிய ஆள் என்பதை அதில் இருக்கும் எண் சொல்லும். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் போனவர்களுக்கு இந்த அடைப்பெல்லாம் கிடையாது. அதே தண்டவாளத்தில், அதே கப்பலுக்குப் போனவர்கள்தான். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்களைத் தங்கவைத்ததும் இதே மண்டபம் முகாமில்தான். இப்போதும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு நூற்றாண்டாக இந்த இடம் யாரையாவது காக்கவைத்துக்கொண்டே இருக்கிறது.

பாம்பன் வந்ததும் பெட்டியில் தூங்கியவர்கள் எல்லோரும் எழுந்து சன்னலுக்கு வந்துவிட்டார்கள். இப்போது ஓடுவது 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறிக் கப்பலுக்கு வழி விடும். பக்கத்திலேயே பழைய பாலம் துருவேறி நிற்கிறது. 1911-இல் வேலை தொடங்கி 1914 பிப்ரவரி 24-இல் திறந்தார்கள். நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல், 145 தூண்கள். நடுவே ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி அமைத்த தூக்குப் பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும். மின்சாரம் கிடையாது, ஆட்கள் நின்று சுற்றித்தான் திறப்பார்கள். 108 ஆண்டுகள் உப்புக்காற்றில் நின்று ரயிலைத் தாங்கிய பிறகு 2022 டிசம்பரில் அதன் மேல் ஓட்டத்தை நிறுத்தினார்கள். பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாலத்தை எதற்காகக் கட்டினார்கள் என்று பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரி மாணவரிடம் கேட்டேன். ராமேஸ்வரம் கோயிலுக்கு என்றார். இன்று யாரைக் கேட்டாலும் அதுதான் பதிலாக இருக்கும். பாலம் திறந்தபோது நிலைமை வேறு. பாம்பன் சந்திப்பிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ராமேஸ்வரத்துக்குப் போனது சுமார் 10 கிலோமீட்டர், தனுஷ்கோடிக்குப் போனது சுமார் 24 கிலோமீட்டர். போட் மெயில் போனது இரண்டாவது பாதையில். கோயிலூர் கிளைப்பாதையில் இருந்தது, கப்பலூர் நேர்ப்பாதையில் இருந்தது.

தனுஷ்கோடிப் பாதையில் ராமேஸ்வரம் ரோடு என்று ஒரு நிலையம் இருந்தது. அப்துல் கலாமின் வாழ்க்கையில் அந்தப் பாதைக்கு ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டபோது, ராமேஸ்வரம் ரோட்டுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஓடும் வண்டியிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வீசுவார்கள். ஊரில் பத்திரிகை விநியோகம் செய்த அவருடைய உறவினர் சம்சுதீனுக்கு அதைப் பொறுக்கித் தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. சிறுவன் கலாமின் முதல் சம்பளம் அதில் வந்தது. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிப்போகப் படகு கட்டியவர் அவர் தந்தை.

பாதை போன தடம் இன்று பெரும்பாலும் தெரியவில்லை. சீமைக்கருவேலும் மணலும் மூடிவிட்டன. ராமேஸ்வரத்திலிருந்து தார்ச்சாலையில்தான் போக வேண்டும். வழியில் இடப்பக்கம் கோதண்டராமர் கோயில் தனியாக நிற்கிறது, விபீஷணனுக்கு முடிசூட்டிய இடம் என்பது ஐதீகம். புயலில் தப்பிய கட்டடம் அது. முகுந்தராயர் சத்திரம் வரைதான் முன்பு சாலை. அதற்கப்புறம் மணலிலும் ஆழமில்லாத தண்ணீரிலும் மீன் வண்டிகளில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017-இல் அங்கிருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரைக் கிலோமீட்டருக்குச் சாலை போட்ட பிறகு அரசுப் பேருந்தே நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் கடல். இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. தீவுக்காரர்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். நான் போன அன்று இடப்பக்கம் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. வலப்பக்கம் அலை சாலையோரக் கல்லில் மோதித் தூவானம் கண்ணாடியில் அடித்தது.

நிலையம் சாலையிலிருந்து கொஞ்சம் தள்ளி மணலில் இருக்கிறது. நிலையம் என்று சொல்ல மிச்சம் இருப்பவை சில சுவர்த் துண்டுகள், வளைவு வைத்த திறப்புகள், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய தூண்கள். கூரை கிடையாது. தண்டவாளம் கண்ணில் படவில்லை. சுவரை ஒட்டி நின்று பார்த்தேன். சுண்ணாம்புக் காரை கடற்காற்றில் மாவாக உதிர்கிறது. விரலால் தொட்டாலே கையில் ஒட்டுகிறது. காற்று அடிக்கிற பக்கம் கல்லின் விளிம்பு மழுங்கியிருக்கிறது, மறுபக்கம் கொத்தனார் கொத்திய தடம் இன்னமும் கூர்மையாக இருக்கிறது. சற்றுத் தள்ளி மாதா கோயிலின் இடிபாடு. அதன் சுவர்கள் பவளக்கல். பூச்சு உதிர்ந்த இடத்தில் பூப்பூவாகப் பவளத்தின் கண்கள் தெரிகின்றன. இந்தத் தீவில் அந்தக் காலத்து வீடுகளையெல்லாம் கடலிலிருந்து எடுத்த கல்லில்தான் கட்டினார்கள்.

தொட்டித் தூண்களின் கீழ்தான் வெகுநேரம் நின்றேன். அந்த ரயில் நிலையம் எப்படி வேலை பார்த்தது என்பதை வேறு எதையும்விட அந்தத் தூண்கள் நன்றாகச் சொல்கின்றன. நீராவி எஞ்சினுக்குக் கரியைவிடத் தண்ணீர் அவசரம். சுற்றிலும் கடல் இருந்தாலும் உப்புநீரைக் கொதிகலனில் விட முடியாது. நல்ல தண்ணீர் வேண்டும், அதுவும் எஞ்சின் திரும்பிப் போகும் அளவுக்கு வேண்டும். இப்படி ஒரு மணல் முனையில் தினமும் அதைச் சேர்த்து, உயரத்தில் ஏற்றி, வண்டி வந்ததும் திறந்துவிட ஆள் இருந்திருக்கிறார்கள். நிலையத்தைச் சுற்றி ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அஞ்சல் நிலையம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம் என ஓர் ஊரே இருந்தது. அஞ்சல் நிலையச் சுவரும் மிச்சம் இருக்கிறது. அக்கரைத் தோட்டத்திலிருந்து ஊருக்குப் போன மணியார்டரும் கடிதமும் இந்தத் துறையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

வண்டி வந்து நின்றதும் நடந்திருக்கக்கூடியதை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். இங்கே தண்டவாளம் மீட்டர் கேஜ், ஒரு மீட்டர் அகலம். அக்கரையில் இலங்கை ரயிலுக்கு ஐந்தரை அடி அகலம். ஆகவே பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்கி ஓட்டுவதற்கு வழியே இல்லை. ஒவ்வொரு மனிதரும், ஒவ்வொரு மூட்டையும், ஒவ்வொரு தபால் பையும் இறங்கி ஏற வேண்டும். கருவாட்டுச் சிப்பமும் ஜவுளிப் பெட்டியும் சுமையாட்கள் தலையில் கப்பலுக்குப் போகும். சுங்கக்காரர்கள் கட்டைப் பிரிப்பார்கள். சட்டி பானையோடு போகும் குடும்பம் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நடக்கும். அந்த ஊரில் அவ்வளவு பேருக்கு வேலை கிடைத்ததற்கு அகலம் மாறுபட்ட இந்த இரண்டு தண்டவாளங்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் ஓடிய கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர்கள். பிற்காலத்தில் வந்தவை இர்வினும் கோஷனும். கப்பலே வேண்டாம், ஆதம் பாலத்து மணல்திட்டுகளின் மேலேயே ரயிலை அக்கரைக்கு ஓட்டிவிடலாம் என்றுகூட அந்தக் காலத்தில் அளவெடுத்துக் கணக்குப் போட்டார்கள். அது நிறைவேறவில்லை. சுமார் இரண்டு மணி நேரக் கடல் பயணம் அப்படியே நிலைத்தது.

ஆட்களின் போக்குவரத்து எப்போதும் ஒரே மாதிரி இருக்கவில்லை. இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிரான மனநிலை வளர்ந்தபோது, 1939-இல் இந்திய அரசாங்கம் கூலி வேலைக்கு ஆட்கள் போவதைத் தடை செய்தது. 1948-இல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அதற்குப் பிறகு இதே துறையில் விசாவும் சோதனையும் கெடுபிடியும் வந்தன. மாமன் மச்சான் வீட்டுக்குப் போவதைப்போலக் கப்பல் ஏறி வந்தவர்கள் காகிதம் இல்லாமல் ஏற முடியாதவர்களானார்கள். 1964 அக்டோபர் 30-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவர்களை ஆடுமாடு பங்கு பிரிப்பதுபோல் பிரித்தார்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அவர்களைத் திரும்ப அனுப்ப வேண்டிய வழி தனுஷ்கோடி. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள் தனுஷ்கோடியே இல்லாமல் போயிற்று.

1964 டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு நிலை, புயலாகி, மேற்கே வந்து, 22-ஆம் தேதி இலங்கையில் வவுனியாவைக் கடந்தது. அன்று நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் வீசியிருக்கும் என்று கணித்தார்கள், அலை 7 மீட்டர் வரை எழுந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பயணிகள் வண்டி, இரவு 11.55 மணிக்கு நிலையத்தை எட்டச் சில நூறு கெஜம் இருக்கும்போது கடலுக்குள் போனது. 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் அதில் இருந்ததாகப் பதிவு. யாரும் பிழைக்கவில்லை. புயலில் மொத்தம் சுமார் 1,800 பேர் இறந்ததாக மதிப்பிட்டார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூழ்கியது போட் மெயில் என்று பலரும் நம்புகிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். மூழ்கியது உள்ளூர்ப் பயணிகள் வண்டி. பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் தினமும் ஓடிய சின்ன வண்டி. கொழும்புக்குப் போகும் சீமான்கள் ஏறும் வண்டி இல்லை அது. வேலை முடிந்தும் சந்தை முடிந்தும் வீடு திரும்புகிறவர்கள் ஏறும் வண்டி. அந்த ஊர்க்காரர்களின் வண்டியை அவர்கள் சாவிலும் வேறொரு பேர்பெற்ற வண்டியின் பெயரில் எழுதுவது நியாயமில்லை.

புயலில் பாம்பன் பாலத்தின் 126 இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்தன. தூக்குப் பகுதி மட்டும் தப்பித்தது. சரிசெய்யும் பொறுப்பு இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது, பிற்காலத்தில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர். விழுந்த உத்தரங்களைக் கடலடியிலிருந்து எடுத்து மீண்டும் ஏற்றி 46 நாளில் பாலத்தை முடித்தார். ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்பியது. தனுஷ்கோடிப் பாதையை மட்டும் யாரும் தொடவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. பிற்பாடு ராமேஸ்வரத்திலிருந்தே தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். ராமானுஜம் என்ற அந்தக் கப்பலில்தான், ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. 80-களில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

வாழத் தகுதியற்றது என்று அறிவித்த ஊரில் மனிதர்கள் வாழ்கிறார்கள். நான் போனபோது வடகடல் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசையாக ஆண்களும் பெண்களும் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னோக்கி நடக்கிறார்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடிவந்து மறுபடி பிடிக்கிறார். மடி கரையேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நெத்திலியும் காரலும்தான் அதிகம். குடிசைகளுக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டி ஊற்றெடுத்து வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், சில அடி ஆழத்தில் குடிக்கிற தண்ணீர். ஓர் அம்மா சொம்பில் மொண்டு கொடுத்தார், குடித்தேன். உப்பு துளியும் இல்லை. எஞ்சின்களுக்குத் தண்ணீர் தேடிய ரயில்வேக்காரர்கள் இந்த ஊற்றை அறிந்துதான் இங்கே தொட்டி கட்டியிருப்பார்கள் என்று தோன்றியது.

இப்படிப்பட்ட ஊரைச் சுற்றுலாப் பலகைகளும் விளம்பரங்களும் பேய் நகரம் என்கின்றன. வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதை மனம் நொந்து சொன்னார்: "பேயி பாக்கணும்னு வர்றாக சார். நாங்க கருவாடு விக்கிறோம், சங்கு விக்கிறோம். எங்களைப் பாத்தா பேயி மாதிரியா இருக்கு?" அவருக்கு என்னிடம் பதில் இல்லை.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விடுவதாக 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 17 கிலோமீட்டர், 208 கோடி ரூபாய். சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி மாநில அரசு நிலம் தர மறுத்தது. திட்டம் அப்படியே நிற்கிறது. அது நிற்பதே நல்லது என்பது என் எண்ணம். ரயில் மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் இந்த மணலை நம்பிப் பாதை போட முடியாது. 1948, 49-லேயே தென்கடல் பக்கம் ஒரு நீண்ட துண்டு நிலம் தாழ்ந்து கடலுக்குள் போய்விட்டதாகப் புவியியல் துறையினர் கண்டறிந்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் 64 வந்தது. தவிர, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு ரயில் தேவையில்லை, பேருந்து போதும். அந்த ரயிலுக்கு ஒரு பொருள் இருந்தது என்றால் அது அக்கரைக் கப்பலால் வந்தது. விட வேண்டியது கப்பலைத்தான். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் விடுவதாக இரண்டு அரசுகளும் பேசிக்கொண்டே இருக்கின்றன. 2007-இல் பாம்பன் பாதையை அகலப்படுத்தியபோது நம் பக்கத்துத் தண்டவாளமும் ஐந்தரை அடியாகிவிட்டது. போரில் அழிந்த தலைமன்னார் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனமே மறுபடி போட்டு 2015 முதல் அங்கே ரயில் ஓடுகிறது. அந்தக் காலத்தில் ஒத்துவராத இரண்டு தண்டவாளங்களும் இப்போது ஒரே அகலம். கடலுக்கு இரண்டு பக்கமும் ரயில் வந்து நிற்கிறது, நடுவில் ஒரு கப்பலுக்குத்தான் வழியில்லை.

மறுபடி நிலையத்துக்கு வந்தபோது வேன் ஒன்று நின்றிருந்தது. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மற்றவர்களைப் போலப் படம் எடுக்காமல், சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் அம்மா என்று கேட்டேன்.

"வண்டி எந்தப் பக்கம் வந்து நிக்கும் தம்பி? எங்கப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்போ இங்கதான் கப்பல் ஏறினாரு. துறையூர்ப் பக்கத்துல இருந்து கங்காணியோட போனாங்களாம். நான் தோட்டத்துல பொறந்தவ, ஹட்டன்ல. எழுபத்துமூணுல எங்களை அனுப்பிட்டாங்க."

அவர் வந்தது ராமானுஜம் கப்பலில். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் இருந்து, பிறகு நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக அரசு நடத்திய தேயிலைத் தோட்டத்தில் வேலை. அக்கரையில் பறித்த அதே கொழுந்தை இக்கரையில் பறித்து ஓய்வு பெற்றிருக்கிறார். அப்பா மண்டபம் முகாமைப் பற்றியும் கப்பலில் பாட்டி வாந்தி எடுத்ததைப் பற்றியும் சொல்லுவாராம். இந்த நிலையத்தைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான். பெரிய ஸ்டேஷன், விளக்கு வெளிச்சமாக இருக்கும், யாரோ ஒருவர் தண்ணீர் கொடுத்தார்.

வண்டி வந்த திக்கையும் கப்பல் நின்ற திக்கையும் எனக்குத் தெரிந்தவரை கைகாட்டினேன். தென்கிழக்கே அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அக்கா இன்னமும் ஹட்டனில் இருக்கிறார். ஒப்பந்தத்தின்போது ஒரே லயத்து வரிசை வீடுகளில் அக்காவின் குடும்பத்துக்கு இலங்கை, இவர் குடும்பத்துக்கு இந்தியா என்று ஆனது. ஐம்பது ஆண்டுகளாகப் பார்க்கவில்லை, போனில் பேசுவதோடு சரி. விமானத்தில் போக பயமாக இருக்கிறது என்றார். மகன், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்களாம் என்று சொல்ல, அவர் என்னைப் பார்த்தார்.

"இங்க இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் வந்துச்சுன்னா, அங்க இருந்து ஹட்டனுக்கு ரயில் இருக்கா தம்பி?"

இருக்கிறது அம்மா என்று வழியைச் சொன்னேன். தலைமன்னாரில் ஏறினால் மன்னார், மடு ரோடு, மதவாச்சி. அங்கிருந்து அனுராதபுரம், மாகோ, பொல்காவலை. பொல்காவலையில் இறங்கி மலைநாட்டு வண்டிக்கு மாற வேண்டும். பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன்.

நாவலப்பிட்டி என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கப்புறம் வட்டவளை வரும், ரொசல்ல வரும், அது எனக்குத் தெரியும் என்றார். மகனைக் கூப்பிட்டு மற்றதை எழுதிக்கொள்ளச் சொன்னார்.